மீட்டருக்கு அரைச் சாண்

போன மாதம் கடற்கரைப் பக்கம் போன வழியில், நான் வேலை பார்த்து ஓய்வு பெற்ற கயிற்றுக் கடைக்குள் எட்டிப் பார்த்தேன். கயிற்றைத் தராசில் போட்டு நிறுத்துக்கொண்டிருந்தார்கள். இப்போதெல்லாம் நைலான் கயிறு கிலோக் கணக்கில்தான் போகிறதாம். கல்லாவில் இருந்த தம்பி என்னைப் பார்த்ததும் எழுந்து வந்தார்.

"அண்ணாச்சி, நல்ல நேரத்துல வந்திய. காலையில ஒரு பெரியவரு வந்து பத்து பாகம் கயிறு கேட்டாரு. பாகம்னா எவ்வளவு?"

"யாரு பாகம்?" என்று கேட்டேன்.

நான் கேலி செய்வதாக அவர் நினைத்துவிட்டார். கேலியே இல்லை. இந்தத் தொழிலில் அதைவிட முக்கியமான கேள்வி கிடையாது. எனக்கு வேலை கிடைத்ததும் அந்தக் கேள்வியால்தான், போகப் பார்த்ததும் அதனால்தான். நின்றபடியே கொஞ்சம் சொன்னேன். முழுவதையும் எழுதித் தாருங்கள் என்று கடையில் இருந்தவர்கள் எல்லாரும் பிடித்துக்கொண்டார்கள்.

இரண்டு கைகளையும் பக்கவாட்டில் நீட்டினால் ஒரு கையின் விரல்நுனியிலிருந்து மறு கையின் விரல்நுனி வரை உள்ள நீளம்தான் பாகம். கடலில் ஆழம் சொல்வதும் அதில்தான், கயிறு வாங்குவதும் அதில்தான். ஆறடி என்று புத்தகத்தில் போட்டிருக்கும். ஆனால் புத்தகத்துக்குக் கை கிடையாது.

எழுபதுகளின் தொடக்கத்தில் சாயர்புரத்தில் படிப்பை முடித்துவிட்டு, வேலை தேடித் தூத்துக்குடிக்கு வந்தேன். தோணிகளுக்கு வேண்டிய கயிறு, கப்பி, பாய்த்துணி விற்கும் கடை ஒன்றில் ஆள் தேவை என்றார்கள். கடையை நடத்தியவர் பொன்னுத்தாய் அக்கா. கணவர் இறந்த பிறகு கடையை ஏற்று, அவர் இருந்தபோது நடந்ததைவிட நன்றாக நடத்திக்கொண்டிருந்தார். எனக்கு முன்னால் ஆறுமுகநேரியிலிருந்து ஒருவர் வந்து நின்றார். நல்ல உயரம், டைப்ரைட்டிங் வேறு தெரியும். அக்கா அவரை ஏற இறங்கப் பார்த்தார். ஒரு சர்பத் வாங்கிக் கொடுத்து அனுப்பிவிட்டார்.

என் முறை வந்தது. சர்டிபிகேட்டை நீட்டினேன். வாங்கி விசிறிக்கொண்டார்.

"கைய விரி."

விரித்தேன். டேப்பை வைத்து அளந்தார். ஐந்தடி இரண்டு அங்குலம். அவர் முகம் மலர்ந்ததை இன்றும் மறக்கவில்லை.

"பேரு என்ன?"

"ஜெபராஜ்."

"நாளையிலருந்து வா."

வீட்டில் என் மார்க்குக்குக் கிடைத்த வேலை என்று எண்ணி நன்றி சொல்லி ஜெபம் செய்தார்கள். நான் மறுக்கவில்லை.

எங்கள் கடைப் பாகம் குட்டை என்பது ஊருக்கே தெரியும், அதில் ரகசியம் ஒன்றுமில்லை. அடுத்த தெருக் கடையில் நீளக் கைக்காரர் அளந்தார், விலையும் அதற்கேற்ப நீளமாக இருந்தது. எங்களிடம் கை குட்டை, விலையும் குட்டை. எது லாபம் என்று கணக்குப் போடுவது வாங்குகிறவர் பாடு.

வேலை பழக அதிக நாள் ஆகவில்லை. கயிற்றின் நுனியை வலது கையில் பிடித்து நெஞ்சுக்குக் குறுக்கே இடது கையால் இழுக்க வேண்டும், அவ்வளவுதான். ஆனால் அதற்குள் பல நுட்பங்கள். நெஞ்சை நிமிர்த்தினால் பாகம் கூடும், தோளைக் கொஞ்சம் குவித்தால் குறையும். மூச்சை இழுத்துக்கொண்டு அளந்தால் ஓர் அளவு, விட்டுவிட்டு அளந்தால் ஓர் அளவு. அக்கா என்னை மூச்சை விட்டுவிட்டுத்தான் அளக்கச் சொன்னார். "கயித்துக்குத்தான துட்டு வாங்குதோம்? மூச்சையும் எதுக்குல சேத்துக் குடுக்க?" என்றார். அடுத்த பாகத்துக்குப் பிடி மாற்றும்போது இடது கட்டை விரலைப் பின்பக்கம் கொஞ்சம் நகர்த்துவது என் சொந்தக் கண்டுபிடிப்பு.

அக்காவிடம் ஒரு விசித்திரமான குணம். கோபம் வந்தால் அவருக்கு மரியாதை கூடிவிடும். சாதாரண நாளில் "ஏலே ஜெபம்" என்பார். "ஜெபராஜ்" என்றால் ஏதோ சரியில்லை. "ஜெபராஜ் சார், இங்கன கொஞ்சம் வாறியளா?" என்றால் கடையில் இருக்கும் பூனைகூட வெளியே போய்விடும். குரலை உயர்த்தி நான் கேட்டதே இல்லை. கயிற்றின் முனையை மூக்கருகே கொண்டுபோய் மோந்து பார்த்தே, எந்தச் சரக்கு, எத்தனை நாள் ஈரத்தில் கிடந்தது என்று சொல்லிவிடுவார். என்னையும் அப்படித்தான் மோந்து பார்க்கிறாரோ என்று சில சமயம் தோன்றும்.

எங்கள் வாடிக்கைக்காரர்களில் பெரிய தலைவலி மிக்கேல் தண்டல். தண்டல் என்றால் தோணியை ஓட்டும் தலைவர். கொழும்புக்குச் சரக்கு ஏற்றிப் போகும் தோணி அவருடையது. கயிறு வாங்க வரும்போதெல்லாம் தன் ஆள் அந்தோணியைக் கூட்டிவருவார். அந்தோணி சங்கு குளிக்கும் காலத்தில் சங்கு குளிப்பான், மற்ற நாளில் தோணியில் வேலை செய்வான். அவன் கையை விரித்தால் ஆறடி ஒன்பது அங்குலம். கடை வாசலில் அவன் சோம்பல் முறித்தால் அக்கா விலையை ஏற்றிவிடுவார்.

"எங்க அந்தோணிதான் அளப்பான்" என்பார் தண்டல்.

"எங்க ஜெபந்தான் அளப்பான்" என்பார் அக்கா.

கடைசியில் ஓர் ஏற்பாட்டுக்கு வந்தார்கள். ஒரு பாகம் என் கை, மறு பாகம் அவன் கை. கயிற்றை நடுவில் போட்டுக்கொண்டு நானும் அவனும் எதிரெதிரே நின்று மாற்றி மாற்றிக் கையை விரிப்போம். தூரத்திலிருந்து பார்த்தவர்களுக்கு இரண்டு பேர் கட்டிப்பிடிக்க முயன்று முயன்று முடியாமல் நிற்பதுபோல் இருக்கும். பல வருடம் இப்படியே நடந்தது. எங்கள் இருவர் கையையும் கூட்டி இரண்டால் வகுத்தால் ஆறடிக்கு அரை அங்குலம்தான் குறைவு என்பதைப் பிற்பாடுதான் நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன்.

இந்த ஏற்பாட்டின் நடுவில் ஒருநாள் வந்து நின்றார் நடேசன் சார். எடை அளவுகளைச் சோதிக்கும் ஆய்வாளர், கும்பகோணம் பக்கத்துக்காரர். உருட்டி வைத்த எஃகு டேப் ஒன்று எப்போதும் அவர் கையில் இருக்கும். அளப்பதற்கு முன்னாலும் பின்னாலும் அதைக் கைக்குட்டையால் துடைப்பார். யாரிடமும் ஒரு வாய் காப்பி வாங்கிக் குடிக்காத மனிதர். நானும் அந்தோணியும் கைவிரித்து நின்ற கோலத்தைப் பார்த்ததும் வாசலிலேயே நின்றுவிட்டார்.

"என்னம்மா நடக்குது இங்க?"

"யாவாரம் சார்" என்றார் அக்கா.

"கையால அளக்கிறதெல்லாம் எப்பவோ போயாச்சும்மா. இனிமே இந்தக் கடையில மீட்டர்தான்."

"மீட்டருன்னா அது யாரு கை சார்?"

"யாரு கையும் இல்ல. முன்னாடி பிரான்ஸ்ல ஒரு கோல் வச்சிருந்தாங்க. இப்ப அதுவும் இல்ல. வெளிச்சத்தை வச்சுக் கணக்குப் பண்றாங்க."

அக்கா தலைக்கு மேல் தொங்கிய பல்பைப் பார்த்தார். "அப்பம் கரண்டு போனா யாவாரத்துக்கு என்ன செய்ய சார்?"

நடேசன் சார் சிரிக்கவில்லை. விற்பனைப் பலகையில் சரியாக ஒரு மீட்டர் இடைவெளியில் இரண்டு பித்தளை ஆணிகளை அடிக்கச் செய்தார். டேப்பைத் துடைத்து, அளந்து, மறுபடி துடைத்து, உறைக்குள் போட்டுக்கொண்டு போனார்.

அவர் போனதும் அக்கா ஆணிகளையும் என் கைகளையும் மாறி மாறிப் பார்த்தார். "ஜெபராஜ்" என்றார். "இனி ஆணிதான் அளக்கப் போவுது. அதுக்குச் சம்பளம் கெடையாது. உனக்கு என்ன வேலைன்னு இந்த மாசக் கடைசிக்குள்ள நீயே யோசிச்சுச் சொல்லு."

யோசித்தேன். குட்டைக் கைக்கு வேறு எங்கே வேலை இருக்கிறது?

அந்த மாதம் முடிவதற்குள் இது நடந்தது. ஒருநாள் காலை நடேசன் சார் ஆணிகளைச் சரிபார்க்க மறுபடி வந்திருந்தார். அந்தோணி நனைந்த உடம்போடு கடைக்குள் ஓடிவந்தான்.

"அக்கா, தோணி பார்ல ஏறிட்டு! தண்டலு அங்கனதான் நிக்காரு. நங்கூர வடம் அறுந்து போச்சு. மணிலா வடம் அறுவது பாகம் வேணும், சட்டுனு!"

பார் என்றால் கடலுக்கடியில் இருக்கும் பாறைத் திட்டு. அந்தக் காலத்தில் முத்துக் குளித்த பார்களில் ஒன்றில், தீவுக்கு அப்பால், தோணி அடிதட்டி நின்றுவிட்டது. அதை மீட்க ஒரு வழிதான் உண்டு. நங்கூரத்தைச் சிறு படகான வள்ளத்தில் ஏற்றிக்கொண்டு போய்ப் பாறைக்கு அப்பால் சேற்றில் போட வேண்டும். சேற்றில்தான் அது பிடிக்கும். பிறகு தண்ணீர் ஏறும் நேரத்தில் தோணியில் இருந்தபடியே வடத்தைச் சுற்றி இழுத்தால், தோணி தன்னைத்தானே இழுத்துக்கொண்டு இறங்கும். வடம் குறைந்தால் நங்கூரம் பாறையில் விழுந்து வழுக்கும். பிற்பகலில் மேற்கேயிருந்து கச்சான் காற்று எழும்பிவிட்டால் அலை தோணியைத் தூக்கித் தூக்கிப் பாறையில் அடிக்கும். மாலைக்குள் பலகை பலகையாகப் பிரிந்துவிடும்.

"யாரு கைக்கு அறுவது?" என்று கேட்டேன்.

"என் கைக்குத்தாம்ல. நாந்தான் கயித்தக் கட்டிக்கிட்டு நீந்திப் போயி அளந்தேன். உருளையில சுத்துறதுக்கும் சேத்து அறுவது. சேறு இருக்கிற எடத்துல மிதவை போட்டுட்டு வந்திருக்கேன்."

மனசுக்குள் கணக்குப் போட்டேன். "அப்படின்னா நூத்தி இருபத்தி மூணு மீட்டர் வேணும் அக்கா."

நடேசன் சார் நிமிர்ந்தார். "என்ன? ஒரு பாகம் ஆறடி. அறுபதுக்கு நூத்திப்பத்து மீட்டர். பதிமூணு மீட்டரை அந்த ஆள் தலையில கட்டப் பாக்கிறியா?"

"சார், இவரு கை நீளம் சார்."

"கையப் பத்திப் பேசாதே! கையை விட்டுட்டுத்தானே மீட்டருக்கு வந்திருக்கோம்? அவசரத்துல வந்திருக்கிறவன்கிட்ட இப்படிக் கூடுதலா விக்கிறதுதான் உங்க கடை வழக்கமா?"

அந்தோணி என்னைப் பார்த்தான். இத்தனை வருடமாக அவன் அறிந்த கடை இது. பக்கத்தில் அரசாங்க ஆள் நின்று அவனுக்காகப் பேசுகிறார். அவன் யாரை நம்புவான்?

"ஆபீசரு சொல்லுதாருல்லா, நூத்திப்பத்தே போடு. நேரம் போவுது" என்றான்.

அக்கா முகம் சிவந்துபோனது. குறைத்து அளக்கிறார்கள் என்று ஊர் சொன்னபோதெல்லாம் சிரித்தவர், கூடுதலாகத் தலையில் கட்டுகிறார்கள் என்ற பேச்சைத் தாங்கவில்லை. "ஆபீசர் சொன்னபடியே அளந்து குடுங்க ஜெபராஜ் சார்" என்றார். பூனை வெளியே போனது.

அளக்க ஆரம்பித்தேன். மணிக்கட்டுப் பருமன் வடம். ஆணிக்கு ஆணி இழுத்து, விரலை வைத்து, ஒன்று, இரண்டு என்று உரக்க எண்ண வேண்டும். முதல் மீட்டரிலேயே மிக்கேல் தண்டலின் தோணி கண்ணுக்குள் வந்து நின்றது. அவர் தலைவலிதான், ஆனால் எங்கள் தலைவலி. நடேசன் சார் அக்கா பக்கம் திரும்பித் தராசைப் பற்றி ஏதோ கேட்டார். என் கட்டை விரல் நகர்ந்தது. இந்த முறை முன்பக்கம்.

ஒவ்வொரு மீட்டருக்கும் அரைச் சாண். அதற்குக் கூடினால் கண்ணில் படும், குறைந்தால் பாறையைத் தாண்டாது. வருடக்கணக்காக மூச்சை விட்டுவிட்டு அளந்தவன், அன்று மூச்சைப் பிடித்துக்கொண்டு அளந்தேன். பாதி அளந்தபோது அந்தோணி என் விரலைக் கவனித்துவிட்டான். எத்தனை வருடம் எதிரே நின்று பார்த்த விரல்! அவனுக்குத் தாங்கவில்லை, பல்லெல்லாம் தெரிய இளித்துவிட்டான்.

"நூத்திப்பத்து!" என்று முடித்தேன்.

அந்தோணியும் இன்னொருவரும் வடத்தைக் கைவண்டியில் ஏற்றினார்கள். நடேசன் சார் அந்தோணியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"வாங்குறவன் சிரிச்சா அளவுல ஏதோ தப்பு இருக்கு" என்று முணுமுணுத்தார்.

அக்கா வடக் குவியலை ஒரு பார்வை பார்த்தார், பிறகு என்னை. "எத்தன மீட்டர் அளந்திய ஜெபராஜ் சார்?"

"நூத்திப்பத்து அக்கா."

"ரொம்ப நல்லா அளந்திருக்கிய. வடத்தோட நீங்களும் போயிட்டு வந்துருங்க."

என் வேலை போய்விட்டது என்று எனக்கு உறுதியாகிவிட்டது. போகிற வேலைக்குக் கடைசியாக ஒரு கடலையும் பார்த்துவிடுவோம் என்று கைவண்டிக்குப் பின்னால் நடந்தேன். எனக்குப் பின்னால் டேப்பைத் துடைத்தபடி நடேசன் சார் வந்தார்.

கரையில் வடத்தை வள்ளத்தில் ஏற்றியதும் அவரும் ஏறிவிட்டார். குனிந்து உட்கார்ந்து வடத்தை முதலிலிருந்து அளக்கத் தொடங்கினார். அந்தோணி வள்ளத்தை அவிழ்த்து, பாயை ஏற்றினான். நடேசன் சார் நாற்பது மீட்டர் அளந்து நிமிர்ந்தபோது கரை தூரத்தில் கோடாகத் தெரிந்தது.

"எங்கப்பா போறோம்?"

"தோணிக்கு சார். நீங்க அளங்க, நாங்க ஓட்டுதோம்."

வேறு ஆளாக இருந்தால் கத்தியிருப்பார். அவர் கரையை ஒரு முறை பார்த்தார். அளந்த இடத்தை விரல் விட்டுவிடுமோ என்று பயந்ததுபோல் மறுபடி குனிந்துகொண்டார். நூற்றுப்பத்தாவது மீட்டர் வந்ததும் அந்த இடத்தில் தன் கைக்குட்டையைச் சாட்சியாகக் கட்டினார். மிச்சத்தையும் அளந்து முடித்து என்னைப் பார்த்தார்.

"பன்னிரண்டரை மீட்டர் கூட இருக்கு."

"கை தவறிட்டு சார்."

"நூத்திப்பத்து தடவையுமா?"

நான் கடலைப் பார்த்தேன். அவர் வாய்க்குள்ளேயே ஏதோ சட்டத்தைப் புரட்டிக்கொண்டிருந்தார். "குறைச்சு அளந்தா பிடிக்கலாம். கூட அளந்தா..." என்று இழுத்தார். பல வருட அனுபவத்தில் அவருக்கு இப்படி ஒரு குற்றவாளி கிடைத்ததில்லை. "அதுக்கு ஒண்ணும் எழுதி வைக்கல" என்றார் எரிச்சலோடு.

தோணி ஒரு பக்கம் சாய்ந்து நின்றது. மிக்கேல் தண்டல் எங்களைக் கண்டதும் கையால் காற்று வரும் திசையைக் காட்டினார். மேற்கே தண்ணீர் கறுக்கத் தொடங்கியிருந்தது. வடத்தைத் தோணியில் ஏற்றி, அதன் ஒரு முனையை மாற்று நங்கூரத்தில் கட்டி, நங்கூரத்தை வள்ளத்தில் இறக்கினார்கள். அந்தோணியும் இன்னும் இருவரும் துடுப்புப் போட்டார்கள். நானும் நடேசன் சாரும் தோணியின் முன்பக்கம் நின்றோம். எங்கள் காலடியிலிருந்து வடம் ஓடிக்கொண்டே இருந்தது.

கைக்குட்டை வந்தது. தோணியின் விளிம்பைத் தாண்டிக் கடலுக்குள் இறங்கியது. நடேசன் சார் தலையை உயர்த்தி வள்ளத்தைப் பார்த்தார். வள்ளம் இன்னும் வெளிறிய தண்ணீருக்கு மேல்தான் இருந்தது. அடியில் பாறை வெள்ளையாகத் தெரிந்தது. மிதவை அதற்கு அப்பால், தண்ணீர் பச்சையாக மாறும் இடத்தில் ஆடிக்கொண்டிருந்தது.

"இந்த எடத்துல வடம் முடிஞ்சிருந்தா?" என்று கேட்டார்.

"ஊருக்குப் போயி வெறகு விக்க வேண்டியதுதான்" என்றார் மிக்கேல் தண்டல்.

வடம் மேலும் ஓடியது. வள்ளம் மிதவையைத் தொட்டபோது எங்கள் பக்கம் உருளையில் சுற்றுவதற்கு மட்டும்தான் மிச்சம் இருந்தது. அந்தோணி கையைத் தூக்கினான். நங்கூரம் விழுந்தது. உருளையைச் சுற்றும் கம்புகளில் எல்லாரும் தொங்கினோம். நடேசன் சார் டேப்பைச் சட்டைப் பைக்குள் திணித்துவிட்டு எனக்குப் பக்கத்தில் வந்து தோளைக் கொடுத்தார். வடம் விறைத்துத் தண்ணீரைச் சொட்டியது. முதலில் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு அடியிலிருந்து நீளமாக ஒரு முனகல் கேட்டது. தோணி ஒரு முழம் நகர்ந்தது. இன்னும் ஒரு முழம். காற்று வந்து முகத்தில் அடித்தபோது தோணி மிதந்துகொண்டிருந்தது.

மிக்கேல் தண்டல் அப்படியே பலகையில் உட்கார்ந்து செபமாலையை உதட்டில் வைத்துக்கொண்டார். அவர் தோள்கள் குலுங்கின. நாங்கள் வேறு பக்கம் பார்த்தோம். கொஞ்ச நேரம் கழித்து எழுந்து, நடேசன் சாரைக் காட்டி, "ஆமா, இவரு யாருல?" என்றார்.

"மீட்டர் ஆபீசரு" என்றேன்.

தண்டல் தன் கையாலேயே ஒரு பெரிய டம்ளர் கருப்பட்டிக் காப்பியைக் கொண்டுவந்து நீட்டினார். யாரிடமும் வாங்கிக் குடிக்காத மனிதர், அன்று மறுக்கவில்லை.

கடையில் என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள், அதை முதலில் சொல்லிவிடுகிறேன். மறுநாள் காலையில் அக்கா, "ஏலே ஜெபம், ஈரக் கயித்தயெல்லாம் எடுத்து வெயில்ல போடு" என்றார். அவ்வளவுதான். ஆனால் துறைமுகம் முழுக்க ஒரு பேச்சுப் பரவிவிட்டது. ஜெபராஜ் அளந்தால் மீட்டருக்கு அரைச் சாண் கூட வரும் என்று. அடுத்த தெருக் கடைக்குப் போய்க்கொண்டிருந்த தண்டல்களெல்லாம் எங்கள் வாசலில் வந்து நின்று, "ஜெபராஜ் அளந்தாத்தான் வாங்குவோம்" என்றார்கள். நான் ஆணிக்கு ஆணி, நூலிழை பிசகாமல் ஒரு மீட்டர்தான் அளந்தேன். வாங்கியவர்கள் எல்லாரும் என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டிவிட்டுத் திருப்தியாகப் போனார்கள். மாசக் கடைசியைப் பற்றி அக்கா பிறகு பேசவே இல்லை.

இனி, அன்று நாங்கள் திரும்பி வந்த வழி. கச்சான் நன்றாக எழும்பிவிட்டது. வள்ளம் ஏறி ஏறி இறங்கியது. குடித்த கருப்பட்டிக் காப்பி நடேசன் சாரின் வயிற்றில் நிற்கவில்லை. விளிம்பில் கவிழ்ந்து கிடந்தவர், ஒரு முறை தலையைத் தூக்கிக் கறுப்பாகக் கிடந்த தண்ணீரைப் பார்த்துவிட்டு, "இங்க எவ்வளவு ஆழம் இருக்கும்?" என்றார்.

"அஞ்சு பாகம் இருக்கும் சார்" என்றான் அந்தோணி.

அந்த நிலையிலும் அவர் விடவில்லை. "மீட்டர்ல சொல்லு."

அந்தோணி தண்ணீரைப் பார்த்தான். பிறகு நடேசன் சாரைத் தலையிலிருந்து கால் வரை பார்த்தான்.

"நீங்க விழுந்தாலும் முங்கிருவிய சார். நான் விழுந்தாலும் முங்கிருவேன். ரெண்டு பேருக்கும் ஒரே அளவுதான்."

"அதைத்தானே ஊருக்கு வந்த நாள்லேருந்து உங்க எல்லார்கிட்டயும் கத்திக்கிட்டிருக்கேன்!" என்றார் நடேசன் சார். முதல் முறையாக அவர் சிரித்ததைப் பார்த்தேன். சிரித்து முடிப்பதற்குள் மறுபடி விளிம்பில் கவிழ்ந்துவிட்டார்.